நெட் இல்லாத இடத்திலும் பாட்டு நிற்காமல் இருக்க: ஸ்ட்ரீமிங் ஆப்பில் பதிவிறக்கி வைக்கும் முறை

அம்மாவுக்கு என் பழைய போனில் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். அதில் சிம் கிடையாது. அவர் இருக்கும் வீட்டில் வைஃபையும் கிடையாது. என் சந்தாக் கணக்கில் 400 பாட்டை இறக்கி, முகப்புத் திரையில் அந்த ஆப்பை மட்டும் விட்டுவிட்டு, "இதைத் தொட்டால் போதும்மா" என்று காட்டிவிட்டு வந்தேன். நாலு வாரம் நன்றாகப் பாடியது. ஐந்தாவது வாரம் தன் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டார். "எல்லாப் பாட்டும் வெளுத்துப் போச்சு கண்ணு. தொட்டா ஒண்ணும் பாட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். பட்டியல் அப்படியே இருந்தது, பெயர்கள் மட்டும் சாம்பல் நிறத்தில். கோளாறு என்று நினைத்து ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். 400 பாட்டும் போயிற்று. என் போனின் ஹாட்ஸ்பாட்டை இணைத்து ஆப்பை ஒருமுறை திறந்திருந்தாலே போதும், எல்லாம் தானாகத் திரும்பி வந்திருக்கும். அது பிறகுதான் தெரிந்தது. முதல் முறை இறக்கும்போதே இதையெல்லாம் யாராவது சொல்லியிருக்கலாமே என்று அன்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1. கையில் என்ன கிடைக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோட்' பொத்தானை அழுத்தினால் உங்கள் போனில் எம்பி3 கோப்பு வந்து உட்காராது. பூட்டுப் போட்ட ஒரு கோப்பு வரும். அதன் சாவி அந்த ஆப்பிடம் மட்டும் இருக்கும். சாவிக்குக் காலக்கெடு உண்டு. சந்தா நடப்பில் இருக்கிறதா என்று ஆப் அவ்வப்போது இணையத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும். கேட்க வழியில்லாமல் நாள் கடந்தால் சாவி வேலை செய்யாது. அம்மாவின் போனில் நடந்தது இதுதான்.

ஆகவே இந்தப் பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி காரில் போட முடியாது. நண்பருக்கு அனுப்ப முடியாது. ரிங்டோனாக வைக்க முடியாது. வேறு பிளேயரில் திறக்கவும் திறக்காது. இவற்றில் ஏதாவது ஒன்றுதான் உங்கள் தேவை என்றால் நேராகப் பத்தாவது படிக்குப் போய்விடுங்கள்.

2. சந்தாவைத் தேர்ந்தெடுங்கள்

பாட்டை இறக்கிக் கேட்கும் வசதி பெரும்பாலும் காசு கட்டுபவர்களுக்குத்தான். ஸ்பாட்டிஃபையின் இலவசக் கணக்கில் பாட்காஸ்டுகளை இறக்கலாம், பாட்டை இறக்க முடியாது. யூடியூப் மியூசிக்கிலும் அதற்கு பிரீமியம் வேண்டும். ஆப்பிள் மியூசிக்கிலும் சந்தா இல்லாமல் பாட்டை இறக்க முடியாது.

காசு கட்டும் முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

எங்கே வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். சில சேவைகளை ஐபோன் ஆப்புக்குள் வாங்கினால் ஒரு விலை, அதே சேவையின் இணையதளத்தில் வாங்கினால் அதைவிடக் குறைந்த விலை. இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய இடத்தில்தான் ரத்தும் செய்ய முடியும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியதை அந்தச் சேவையின் இணையதளத்தில் எவ்வளவு தேடினாலும் நிறுத்தும் பொத்தான் கிடைக்காது.

இலவசச் சோதனைக் காலம் தருகிறார்கள் என்றால், கார்டு விவரத்தை முதல் நாளே வாங்கிக்கொள்வார்கள். முடியும் நாளில் பணம் தானாகப் போகும். ஆப்பிள் வழியாக எடுத்த சந்தா என்றால் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும். நான் எப்போதும் இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டல் வைத்துவிடுவேன். ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நம்பிப் பல மாதம் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆப் போனாலும் கட்டணம் நிற்காது.

மாணவர் சலுகைக்கு ஆவணம் வேண்டும். பல கல்வி நிறுவனங்களுக்குக் கல்லூரி மின்னஞ்சலே போதும். அது ஒத்துவராவிட்டால் அடையாள அட்டை அல்லது சேர்க்கைக் கடிதத்தின் படத்தைக் கேட்பார்கள். அதில் உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் தேதி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். தேதி இல்லாத அடையாள அட்டையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பப்படுவது சாதாரணமாக நடக்கிறது. கணக்கில் இருக்கும் பெயரும் ஆவணத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஸ்பாட்டிஃபையில் இந்தச் சலுகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதிகபட்சம் 4 ஆண்டு கிடைக்கும்.

குடும்பத் திட்டத்தில் பொதுவாக 6 பேர் வரை சேரலாம். சில சேவைகள் எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்று கேட்கும். ஒருவர் கணக்கையே வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். காரணத்தை ஏழாவது படியில் சொல்கிறேன்.

3. போனில் இடம் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்

பலரும் இதைத் தாண்டிப் போய்விட்டு, பாதியில் 'இடம் போதவில்லை' என்ற செய்தியைப் பார்த்துத் தவிக்கிறார்கள். கணக்கு எளியது. தரத்தைக் குறிக்கும் கே.பி.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை கிலோபிட்) எண்ணைப் பாட்டின் நீளத்தால், அதாவது விநாடிகளால், பெருக்கி 8000-ஆல் வகுத்தால் எத்தனை எம்.பி. என்று வந்துவிடும்.

4 நிமிடப் பாட்டு என்றால் 240 விநாடி. ஸ்பாட்டிஃபையின் 'மிக உயர்' தரம் சுமார் 320 கே.பி.பி.எஸ். 320 × 240 ÷ 8000 = 9.6 எம்.பி. 'உயர்' தரம் 160, அதில் 4.8 எம்.பி. 'சாதாரண' தரம் 96, அதில் சுமார் 2.9 எம்.பி. ஆக 500 பாட்டுக்கு முறையே 4.8 ஜி.பி., 2.4 ஜி.பி., 1.44 ஜி.பி. வேண்டும்.

லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காமல் சேமிக்கும் தரம் என்றால் கதையே வேறு. ஆப்பிள் மியூசிக் தரும் கணக்குப்படி 3 நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 256 கே.பி.பி.எஸ். தரத்தில் 6 எம்.பி. போதும். லாஸ்லெஸில் 36 எம்.பி., அதைவிட நுணுக்கமான ஹை-ரெஸ் லாஸ்லெஸில் 145 எம்.பி. ஆகும். 500 பாட்டை ஹை-ரெஸில் இறக்கினால் 72 ஜி.பி.யைத் தாண்டும்.

அவ்வளவு வேண்டுமா? சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் கேட்பவர் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. லாஸ்லெஸாக இறக்கியது காதுக்கு லாஸ்லெஸாக வராது. வயர் ஹெட்போனும் அமைதியான அறையும் இருந்தால் அப்போது யோசிக்கலாம். பயணத்தில், பேருந்து இரைச்சலில், 160 கே.பி.பி.எஸ். தாராளமாகப் போதும். அம்மாவின் போனில் நான் வைத்திருந்ததும் அதுதான். போனின் சின்ன ஸ்பீக்கரில் அதற்கு மேல் வித்தியாசம் தெரியவில்லை.

போனில் காலியாக இருக்கும் இடம் முழுவதையும் பாட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். போன் இயங்கவும், ஆப்கள் புதுப்பித்துக்கொள்ளவும் நாலைந்து ஜி.பி.யாவது விட்டுவையுங்கள்.

4. இறக்கும் முன் செட்டிங்ஸைச் சரிசெய்யுங்கள்

நேராக டவுன்லோட் பொத்தானுக்குப் போகாதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்.

பதிவிறக்கத் தரம்: கேட்கும் தரம் வேறு, இறக்கும் தரம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி செட்டிங் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இறக்கி முடித்தபிறகு தரத்தை மாற்றினால், மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டி வரலாம்.

வைஃபையில் மட்டும்: மொபைல் டேட்டாவில் இறக்குவதற்கான அனுமதி அணைந்தே இருக்கட்டும். ஒரே இரவில் 5 ஜி.பி. போய்விட்டால் மாதக் கடைசி வரை திண்டாட்டம்.

எங்கே சேமிப்பது: மெமரி கார்டு போடும் ஆண்ட்ராய்டு போன் என்றால், கார்டில் சேமிக்கும்படி இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் நகர்த்த வெகுநேரம் எடுக்கும். மலிவான, வேகம் குறைந்த கார்டில் பாட்டு திக்கித் திணறும்.

பேட்டரிச் சிக்கனம்: ஆண்ட்ராய்டில் பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். 400 பாட்டில் 60 இறங்கியதும் நின்றுவிட்டது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை விலக்குங்கள்.

ஐபோனில் ஆப்பிள் மியூசிக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: மியூசிக் செட்டிங்ஸில் இடத்தைத் தானே மிச்சப்படுத்தும் வசதி ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், இடம் குறையும்போது நீங்கள் வெகுநாளாகக் கேட்காத பாட்டுகளைச் சொல்லாமல் நீக்கிவிடும். நெடும் பயணத்துக்கென்று சேர்த்து வைத்த பாட்டுகள்தான் வெகுநாளாகக் கேட்காதவையாக இருக்கும். அணைத்துவிடுங்கள்.

5. பாட்டைத் தனித்தனியாக இறக்காதீர்கள், பிளேலிஸ்ட்டாக இறக்குங்கள்

பயணத்துக்கென்று ஒரு பிளேலிஸ்ட், வீட்டுக்கென்று ஒன்று, குழந்தைக்கென்று ஒன்று என்று உங்கள் கையாலேயே உருவாக்கிக்கொள்ளுங்கள். அதைத் திறந்து, கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டால் உள்ளே இருப்பது எல்லாம் வரிசையாக இறங்கும். பிறகு அந்த பிளேலிஸ்ட்டில் ஒரு பாட்டைச் சேர்த்தால் அதுவும் தானாக இறங்கும். எடுத்துவிட்டால் போனிலிருந்தும் போய்விடும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, சேவையே உங்களுக்காகத் தயாரித்துத் தரும் பட்டியல்கள். இவை தினமும் அல்லது வாரம்தோறும் மாறும். ஸ்பாட்டிஃபையின் 'டிஸ்கவர் வீக்லி' திங்கட்கிழமை மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை இறக்கி வைத்தது, மறுநாள் நெட் கிடைத்ததும் வேறு பாட்டுகளாகியிருக்கும். பிடித்தவற்றை உங்கள் சொந்த பிளேலிஸ்ட்டுக்கு மாற்றி, அதை இறக்குங்கள்.

இரண்டாவது, 'விருப்பப் பாட்டுகள்' பட்டியல் முழுவதையும் இறக்குவது. இதயக் குறியைத் தொடும் ஒவ்வொரு பாட்டும் இனிமேல் போனுக்குள் வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து, படம் எடுக்கக்கூட இடமில்லை என்று வந்து நிற்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? 10 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 10 மெகாபிட்) வேகமுள்ள வைஃபையில் 4.8 ஜி.பி. இறங்கக் கணக்குப்படி 64 நிமிடம். நடைமுறையில் இன்னும் கூடும். கிளம்புவதற்கு அரை மணி முன் ஆரம்பிக்கும் வேலை அல்ல இது. முந்தைய இரவே போனைச் சார்ஜில் போட்டு, ஆப்பைத் திறந்து வைத்து, திரை அணையும் நேரத்தைக் கூட்டிவிட்டு ஆரம்பியுங்கள். முதல் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

6. ஃபிளைட் மோடில் சோதித்துப் பாருங்கள்

ஒரு நிமிட வேலை. எல்லாப் படிகளிலும் இதைத்தான் தவறவே விடாதீர்கள் என்பேன்.

ஃபிளைட் மோடை இயக்குங்கள். வைஃபை, டேட்டா இரண்டும் அணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். ஆப்பை முழுவதுமாக மூடிவிட்டு மறுபடி திறங்கள். பிளேலிஸ்ட்டின் முதல் பாட்டு, நடுவில் ஒன்று, கடைசிப் பாட்டு என்று மூன்றைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நடுப்பகுதிக்கு இழுத்துக் கேளுங்கள். முன்பு கேட்டதால் தற்காலிகமாகத் தங்கிய பாட்டு, இறக்காமலேயே பாடி உங்களை ஏமாற்றிவிடும். அதனால் சமீபத்தில் கேட்காத பாட்டையே சோதனைக்கு எடுங்கள்.

நெட் இல்லாதபோது தேடலில் புதிய பாட்டு எதுவும் வராது. பாடல் வரிகளும் வராமல் போகலாம். அது கோளாறு இல்லை.

7. 30 நாள் கணக்கும் கருவி எண்ணிக்கையும்

ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப் மியூசிக்கிலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது அந்தக் கருவி இணையத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் இறக்கிய பாட்டு பாடாது. போன் இணையத்தில் இருந்தால் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த ஆப்பைத் திறந்து ஓரிரு நிமிடம் விட்டுவைப்பதே பாதுகாப்பு. தினமும் பயன்படுத்தும் போனில் இந்தக் கெடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. மாட்டிக்கொள்பவை சிம் இல்லாத பழைய போன், காரிலேயே கிடக்கும் டேப்லெட், ஓடும்போது மட்டும் கட்டும் கைக்கடிகாரம் போன்றவை. இவற்றுக்கு 25 நாளுக்கு ஒருமுறை நினைவூட்டல் வையுங்கள். நெட்டே இல்லாத இடத்துக்கு நீண்ட பயணம் என்றால், கிளம்பும் நாளன்றே ஆப்பை ஆன்லைனில் திறந்துவிடுங்கள். அன்றிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும்.

கருவி எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு கணக்குக்கு 5 கருவிகள், ஒவ்வொன்றிலும் 10,000 பாட்டு வரை. ஆறாவது கருவியில் இறக்கினால், நீங்கள் வெகுநாளாகத் தொடாத கருவியிலிருந்து பாட்டுகள் நீங்கிவிடும். அந்தக் கருவி எதுவாக இருக்கும்? மூலையில் இருக்கும் அம்மாவின் போன்தான். ஒரே கணக்கை வீடு முழுக்கப் பகிர்ந்தால் இது சீக்கிரமே நடக்கும். குடும்பத் திட்டத்தில் ஆளுக்கொரு கணக்கு இருந்தால், ஒருவர் புதுப் போன் வாங்குவதால் இன்னொருவர் பாட்டு போகாது.

8. இறக்கிய பாட்டு காணாமல் போனால்

முதலில் ஆப்பை நீக்காதீர்கள். நான் செய்த தவறு அது. நீக்கினால் உள்ளே இருக்கும் பாட்டு அத்தனையும் போய்விடும். லாக் அவுட் செய்வதும் பல ஆப்களில் அதே விளைவைத் தரும்.

வைஃபையையோ ஹாட்ஸ்பாட்டையோ இணைத்து, ஆப்பைத் திறந்து, ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு சந்தாக் கட்டணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு காலாவதியாகிப் பணம் எடுக்க முடியாமல் போனால் கணக்கு இலவச நிலைக்கு இறங்கிவிடும், பாட்டு நின்றுவிடும். அதுவும் சரியாக இருந்தால் போனின் தேதி, நேரம் சரியா, இடம் இருக்கிறதா, மெமரி கார்டு சரியாக அமர்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

ஒன்றிரண்டு பாட்டு மட்டும் வெளுத்திருந்தால், உரிமம் முடிந்து அந்தப் பாட்டைச் சேவையே எடுத்துவிட்டிருக்கலாம். அதே பாட்டு வேறொரு ஆல்பத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள், பல நேரம் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'கேச் அழி' (தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்குவது), 'டேட்டா அழி' என்று இரண்டு பொத்தான் அருகருகே இருக்கும். இரண்டாவதைத் தொட்டால் இறக்கியதெல்லாம் போகும். 'போனைச் சுத்தம் செய்கிறேன்' என்று வரும் ஆப்களும் இந்த வேலையைச் செய்துவிடுவதுண்டு. அவற்றை வைத்துக்கொள்ளாதிருப்பதே நல்லது.

9. போன் மாற்றும்போதும் சந்தாவை நிறுத்தும்போதும்

புதுப் போனுக்குப் பாட்டுகள் தாமாக வராது. பிளேலிஸ்ட்டுகள் கணக்கோடு வரும், அவற்றை மறுபடி இறக்க வேண்டும். பழைய போனைக் கொடுத்துவிடும் முன் அதில் லாக் அவுட் செய்துவிடுங்கள்.

சந்தாவை நிறுத்தினால், கட்டிய காலம் முடியும் வரை பொதுவாகப் பாட்டு பாடும். இலவசச் சோதனையில் சிலவற்றில் ரத்து செய்த உடனேயே நின்றுவிடும். நிறுத்தும் முன் பிளேலிஸ்ட்டைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு சேவைக்குப் போனால் பெயர் பார்த்துத் தேட உதவும்.

10. என்றைக்கும் உங்களுடையதாக வேண்டும் என்றால்

ஸ்ட்ரீமிங் பாட்டின் பூட்டை உடைத்து எம்பி3 ஆக்கித் தருகிறோம் என்று நிறைய மென்பொருள்கள் விளம்பரம் செய்கின்றன. வேண்டாம். சேவையின் விதிமுறையை மீறுவதால் கணக்கை முடக்கலாம், பல நாடுகளில் பூட்டை உடைப்பதே சட்டப்படி குற்றம். அந்த மென்பொருளுக்குள் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது இன்னொரு ஆபத்து. பாடியவருக்கும் அதில் ஒரு காசு போகாது.

நேர்வழி, பாட்டை விலைக்கு வாங்குவது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் ஸ்டோரில் விற்கும் பாட்டுகள் 2009 முதல் பூட்டு இல்லாமல்தான் வருகின்றன. பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் வாங்கினால் எம்பி3, ஃப்ளாக் (லாஸ்லெஸ் கோப்பு வகை) என்று வேண்டிய வடிவத்தில் எடுத்துக்கொள்ளலாம். வாங்குமுன் அது முழுக் கோப்பாக இறங்குமா என்று பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். வாங்கிய கோப்பைக் கணினியிலும் வெளி டிரைவிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.

அம்மாவின் போனுக்கும் கடைசியில் அதைத்தான் செய்தேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்பது எண்பது பாட்டுக்குள்தான் என்று கவனித்திருந்தேன். விற்பனைக்குக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, கோப்பாக மெமரி கார்டில் போட்டு, சாதாரண மியூசிக் பிளேயர் ஒன்றை முகப்புத் திரையில் வைத்தேன். கிடைக்காத சிலவற்றுக்கு மட்டும் ஸ்ட்ரீமிங் ஆப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போகும்போது, செருப்பைக் கழற்றும் முன்பே ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுகிறேன்.